எண்ணெயில் ஊறிய கொம்பில் பசை ஒட்டுமா?

நேற்றிலிருந்து வயிறு எரிகிறது. தாத்தாவின் சவரக்கத்தியைச் சரிசெய்யச் சொல்லி ஊட்டியில் ஒரு பழம்பொருள் கடையில் கொடுத்தேன். பாழாக்கிக் கையில் தந்துவிட்டார்கள்.

தாத்தா குன்னூர் பக்கத்து வெல்லிங்டனில் பட்டாளத்துக்காரர்களுக்குச் சவரம் செய்தவர். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த மடக்குக் கத்தி, கறுப்புக் கொம்புப் பிடி. வெயிலில் தூக்கிப் பார்த்தால் ஓரம் மட்டும் தேன் நிறத்தில் தெரியும். கத்தி மடங்குகிற இடத்து ஆணியைச் சுற்றி மயிரிழை போல ஒரு விரிசல், அரை அங்குலம்கூட இருக்காது. கோளாறே அவ்வளவுதான்.

கொம்பு ஏன் வெடிக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால்கூட இந்த வேலையைச் செய்திருக்க மாட்டார்கள். நம் நகம் எந்தப் பொருளோ அதே கெரட்டின்தான் கொம்பும். ஆடி மாத மழையில் ஈரம் குடித்து உப்பும், தை மாத உறைபனிக் காலத்தில் ஹீட்டர் போட்ட அறையில் காய்ந்து சுருங்கும். உள்ளே இருக்கும் பித்தளை ஆணி சுருங்குமா? அது பாட்டுக்கு நிற்கும். போதாததற்குப் பச்சைக் களிம்பு வேறு ஏறி ஓட்டையை நெருக்கும். பாவம், கொம்பு என்ன செய்யும், பிளந்துகொள்ளும்.

அப்படியென்றால் முதலில் ஆணியைக் கழற்ற வேண்டாமா? தலையை அரத்தால் மெல்ல ராவிவிட்டால் தள்ளி எடுத்துவிடலாம். பிடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவிப் பல வருஷத்து அழுக்கையும் பிசுக்கையும் போக்கி, நிழலில் நன்றாக உலர்த்த வேண்டும். அப்புறம் விரிசலைத் துளி விரித்து, தண்ணீர் மாதிரி இருக்கும் சூப்பர் க்ளூவை ஒரே ஒரு சொட்டு விட்டால் அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும். கிளாம்ப் போட்டு இறுக்கி ஒரு நாள் விடு. பிறகு 400, 800, 2000 என்று வரவர நைசான உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய். எண்ணெய் கடைசியில்தான்!

இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பளபளப்பு வரட்டும் என்று முதலில் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டார்களாம். அதன்மேல் கெட்டிப் பசையை அப்பினார்கள். எண்ணெய் ஊறிய கொம்பில் பசை எப்படிப் பிடிக்கும்? விரலால் நெருடினால் தோல் உரிகிற மாதிரி உரிகிறது. அதோடு புது ஆணியை அடித்து இறக்கியிருக்கிறார்கள். சிறு சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டி ஆணி முனையைத் தலையாகப் பரப்ப வேண்டிய வேலை அது. ஓங்கி அடித்ததில் அரை அங்குல விரிசல் பாதிப் பிடிவரை ஓடிவிட்டது. கத்தியைத் திறக்கவே முடியவில்லை.

கடைக்காரரைக் கேட்டால், "பிளாஸ்டிக் பிடி போட்டுக்கலாங்க, இந்தக் கொம்பை வெச்சுக்கிட்டு எதுக்குக் கஷ்டப்படறீங்க?" என்கிறார். நான் பிளாஸ்டிக்கா கேட்டேன்? நாற்பது வருஷம் தாத்தாவின் விரல் பட்டுப் பட்டு வழவழப்பான பிடி ஐயா அது. தெரியாத வேலை என்றால் தெரியாது என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பதில் என்ன குறைந்துவிடும்?

சரி, பழைய ஆணியும் அதன் தலைகளுக்கு அடியில் இருந்த இரண்டு குட்டிப் பித்தளை வாஷரும் எங்கே என்று கேட்டேன். குப்பையோடு கூட்டித் தள்ளிவிட்டார்களாம்.