தனியார் ஆஸ்பத்திரி பில்லைக் கேட்க ஆளில்லையா?

"தனியார் ஆஸ்பத்திரி எவ்வளவு போட்டாலும் கேட்கச் சட்டமே இல்லை, கட்டிவிட்டு வருவதுதான் வழி" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் ஆஸ்பத்திரிகள் பதிவு செய்யப்பட வேண்டும். தனியார் சுகாதார சேவைகளை ஒழுங்குபடுத்தும் சபையில் முறைப்பாடும் கொடுக்கலாம். பல மருந்துகளுக்கு உச்ச விலையும் உண்டு.

ஆனால் கையுறை, பஞ்சு, அப்புறம் 'ஏனையவை' என்று ஒரு வரி, இவற்றில்தான் தொகை ஏறிப் போகிறது. எதற்கு எவ்வளவு என்று பிரித்துப் போட்ட பில்லைக் கேட்டு வாங்குங்கள், விடாதீர்கள்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் காதுத் தோட்டை அடகு வைக்கும் முன் டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் காட்டிப் பாருங்கள். அரசாங்க ஆஸ்பத்திரி, சிகிச்சை இலவசம். அவசரமென்றால் 1990க்கு அழையுங்கள், அந்த அம்புலன்சுக்கும் காசில்லை.