கேம் விருதை யார் முடிவு செய்ய வேண்டும்?

வீடியோ கேமுக்கு ஒரு அரசாங்கம் விருது கொடுக்கலாமா என்று கேட்டால், தாராளமாகக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும் என்றுதான் சொல்வேன். சினிமாவுக்குக் கொடுக்கிறோம், நாவலுக்குக் கொடுக்கிறோம், கேமுக்கு மட்டும் என்ன குறை? ஆனால் அந்த விருதை யார் தீர்மானிக்கிறார்கள், எதைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள் என்ற விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். இதைப் பேசுவதற்கு ஜெர்மனியின் தேசிய கேம் விருதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. ‘டாய்ச்சர் கம்ப்யூட்டர்ஷ்பீல்ப்ரைஸ்’ என்று பெயர். 2009இலிருந்து வருடா வருடம் கொடுக்கிறார்கள். அரசும் கேம் துறையின் சங்கமும் சேர்ந்து நடத்துகின்றன. பல வருடங்களாகக் கவனித்து வருகிறேன். மனதாரப் பாராட்ட ஒரு விஷயம் இருக்கிறது. வயிறு எரியும் விஷயங்கள் அதைவிட அதிகம்.

முதல் விழா நடந்த சூழலைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. 2009 மார்ச் 31, முனிச் நகரம். அதற்குச் சரியாக 20 நாள் முன்னால்தான் வின்னென்டன் என்ற சிறிய ஊரில் 17 வயதுப் பையன் ஒருவன் தான் படித்த பள்ளிக்குள் துப்பாக்கியோடு நுழைந்தான். பள்ளியிலும் வெளியிலுமாக 15 பேரைக் கொன்றான். 2002இல் எர்ஃபுர்ட் நகரப் பள்ளியில் இதேபோல் நடந்து 16 பேர் செத்திருந்தார்கள். இரண்டு தடவையும் டிவி விவாதங்கள் ஓடிய திசை ஒன்றுதான்: கொன்றவன் வீட்டுக் கம்ப்யூட்டரில் என்ன கேம் இருந்தது? வன்முறை கேம்களைத் தடை செய்வது பற்றி 2005இல் ஆட்சியமைத்த கூட்டணியின் ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். அந்த நாட்டில், அந்த மாதத்தில், அதே அரசு மேடை போட்டு கேமுக்கு விருது கொடுக்கிறது. துணிச்சலான காரியம்தான், மறுக்கவில்லை. ‘கேமும் கலைதான்’ என்று ஜெர்மன் கலாச்சாரக் கவுன்சில் அதற்கு முன்பே விடாமல் வாதாடி வந்ததும் இதற்கு ஒரு காரணம்.

ஆனால் அந்தப் பயம் விருதின் விதிகளுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. பண்பாட்டு ரீதியாகவும் கல்வி ரீதியாகவும் மதிப்புள்ள கேமுக்குத்தான் பரிசு என்று எழுதினார்கள். நல்ல கேம் என்றால் போதாது, பிள்ளைகளுக்கு நல்லது செய்யும் கேமாகவும் இருக்க வேண்டுமாம். ஒரு நாவலுக்கு விருது கொடுக்கும்போது இது மாணவர்களுக்கு ஒழுக்கம் கற்பிக்குமா என்று எந்த நடுவராவது கேட்பாரா? கேமிடம் மட்டும் கேட்டார்கள்.

இதன் விளைவு 2012இல் வெடித்தது. அந்த வருடம் சிறந்த ஜெர்மன் கேமாகத் தேர்வானது ‘கிரைசிஸ் 2’. பிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் கிரைடெக் நிறுவனத்தின் கேம். துருக்கியிலிருந்து ஜெர்மனிக்கு வந்த குடும்பத்தில் பிறந்த யெர்லி சகோதரர்கள் மூன்று பேர் 1999இல் கோபுர்க் என்ற சின்ன நகரத்தில் ஆரம்பித்த கம்பெனி. உலகம் முழுக்க கிராபிக்ஸுக்கு அளவுகோலாகப் பேசப்பட்ட கேம்களை ஜெர்மனியிலிருந்து செய்துகாட்டியவர்கள். ஆனால் ‘கிரைசிஸ் 2’ சுடும் கேம், 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. பட்டியலில் அதன் பெயர் வந்த உடனேயே ஆளும் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி தரப்பிலிருந்து எதிர்ப்பு கிளம்பிவிட்டது. கொலை கேமுக்கு அரசுப் பணத்தில் பரிசா என்ற கேள்வி. நடுவர் குழு அசையவில்லை, பரிசைக் கொடுத்தார்கள். அந்த விருதின் வரலாற்றிலேயே நடுவர்கள் தலைநிமிர்ந்து நின்ற நாள் அதுதான் என்பேன். ‘கிரைசிஸ் 2’ எனக்கு ரொம்பப் பிடித்த கேம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வருடம் ஜெர்மனியில் அதைப்போல் செய்யத் தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லை, அதற்குத்தான் பரிசு.

அப்புறம் 2014இல் இன்னொரு திருப்பம். அதுவரை கலாச்சாரத்துறைப் பொறுப்பில் இருந்த விருதைப் போக்குவரத்து மற்றும் டிஜிட்டல் கட்டமைப்பு அமைச்சகத்துக்கு மாற்றினார்கள். பிறகு பொருளாதார அமைச்சகத்துக்குப் போனது. 2025இல் ஆராய்ச்சி, தொழில்நுட்பம், விண்வெளி அமைச்சகத்துக்குப் போயிருக்கிறது. ஒரு கலைக்கான விருது நெடுஞ்சாலையும் ரயிலும் பார்த்துக்கொள்ளும் அமைச்சகத்தில் ஏன் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். முதலில் கேமைப் பாடப்புத்தகமாகப் பார்த்தார்கள். பிறகு ஏற்றுமதிச் சரக்காகப் பார்த்தார்கள். இரண்டிலும் கேமை கேமாகப் பார்க்கவில்லை. என் வருத்தமெல்லாம் இதுதான்.

கேமை கேமாகப் பார்ப்பது என்றால் என்ன என்பதற்கு 2021இல் ஜெயித்த ‘டெஸ்பராடோஸ் 3’ போதும். முனிச்சின் மிமிமி ஸ்டூடியோ செய்தது. அமெரிக்க மேற்குப் பகுதியில் நடக்கும் கதை, நமக்குக் கீழே ஐந்து பேர் கொண்ட குழு, ஊர் முழுக்கக் காவலாளிகள். ஒரு காவலாளியை கிளிக் செய்தால் அவன் பார்வை தரையில் விசிறி மாதிரி விரியும். பக்கத்தில் முழு நிறம், அங்கே போனால் மாட்டினோம். தூரத்தில் கோடு கோடாக இருக்கும், அங்கே குனிந்து போனால் தப்பிக்கலாம். காசு சுண்டி விட்டால் சாதாரணக் காவலாளி சத்தம் வந்த பக்கம் திரும்புவான். பொஞ்சோ என்ற போர்வை மாதிரி மேலங்கி போட்டவன் எதைக் காட்டினாலும் தன் இடத்தை விட்டு நகர மாட்டான். நீளக் கோட்டுக்காரனைத் தனியாக அடித்துச் சாய்க்க நம் குழுவில் இருக்கும் ஹெக்டரால் மட்டும்தான் முடியும். இவ்வளவுதான் விதி. இந்த விதிகளை வைத்துக்கொண்டு ஒரு முற்றத்தைக் கடக்க அரைமணி நேரம் மண்டையை உடைத்துக்கொள்வோம். கடைசியில் நேரத்தை நிறுத்தி, ஆளுக்கு ஒரு வேலை சொல்லி, ஒரே பட்டனில் எல்லாரையும் ஏவிவிடும்போது நான்கு காவலாளிகள் ஒரே நொடியில் விழுவார்கள். நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

அதில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்தீர்களா? கடைசியாக சேவ் செய்து எவ்வளவு நேரம் ஆகிறது என்று திரையில் கடிகாரம் ஓடும். மறந்துபோய் உழைப்பு வீணாகக் கூடாது, தோற்கப் பயப்படாமல் முயன்று பார்க்கட்டும் என்ற அக்கறை அது. ஆடுபவனை மதித்துச் செய்த வேலை. நடுவர்கள் உட்கார்ந்து பேச வேண்டியது இந்த மாதிரி விஷயங்களைத்தான். இதற்குக் கல்வி மதிப்பெண் எதற்கு?

இப்போது நான் பாராட்டும் விஷயத்துக்கு வருகிறேன். பரிசுப் பணம். சிறந்த ஜெர்மன் கேமுக்கு 1,00,000 யூரோ, இறுதிப் பட்டியலில் வந்து ஜெயிக்காத மற்ற கேம்களுக்கு ஆளுக்கு 30,000 யூரோ. முக்கியமான நிபந்தனை என்னவென்றால், அந்தப் பணத்தை அடுத்த கேமைச் செய்யத்தான் செலவழிக்க வேண்டும். ஸ்டூடியோக்கள் எங்கே விழுகின்றன என்று தெரிந்தவர் யாரோ எழுதிய விதி இது. ஒரு கேம் வெளியாகி அடுத்ததற்குப் பதிப்பாளர், அதாவது பணம் போட்டு கேமை வெளியிடும் நிறுவனம், கையெழுத்துப் போடும் வரைக்குமான இடைவெளிதான் சின்ன ஸ்டூடியோவின் உயிரை எடுக்கும். ஆடிப் பார்க்கக்கூடிய முன்மாதிரியைக் காட்டாமல் பதிப்பாளர் பணம் தர மாட்டார். அந்த முன்மாதிரியைச் செய்யும் மாதங்களில் சம்பளம் எங்கிருந்து வரும்? அந்த நேரத்தில் யாருக்கும் திருப்பித் தர வேண்டாத ஒரு லட்சம் யூரோ கையில் இருப்பது சாதாரண உதவி இல்லை.

போதுமா என்றால், போதவில்லை. 2009இல் முதல் விருதை வாங்கிய ‘ட்ராகன்சாங்’ கேமைச் செய்த பெர்லினின் ராடன் லேப்ஸ் அடுத்த வருடம் மே மாதமே திவாலாகி வேறொரு கம்பெனியின் கைக்குப் போனது. மிமிமியும் 2023 ஆகஸ்டில், புது கேமை வெளியிட்ட கையோடு, கடையைக் கட்டுவதாக அறிவித்தது. இவ்வளவு பெரிய கேம்களைச் செய்வதன் பாரம் தங்களையும் குடும்பத்தையும் அழுத்துகிறது, செலவும் கட்டுக்கு அடங்காமல் ஏறுகிறது என்று அதன் நிறுவனர்கள் காரணம் சொன்னார்கள். அதே வருடம் ஜெர்மன் அரசின் கேம் நிதியுதவித் திட்டமும் பணம் தீர்ந்து புதிய விண்ணப்பங்களை நிறுத்தி வைத்தது. தேசத்தின் சிறந்த கேமைச் செய்தவர்கள் கலைந்து போகிறார்கள் என்றால், அந்த நாட்டில் கேம் துறையைப் பொறுப்பில் வைத்திருந்தவர்கள் தூக்கம் கெட்டிருக்க வேண்டும்.

2019 பெர்லின் விழாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்த வருடம் ஜெயித்தது ‘ட்ரூபர்ப்ரூக்’. 1960களின் ஜெர்மன் கிராமம் ஒன்றில் நடக்கும் கதை. அதன் வீடு, காடு, விடுதி எல்லாவற்றையும் சின்னச் சின்ன மாதிரிகளாகக் கையால் செய்து, நிஜ விளக்கு வைத்து ஒளியமைத்து, அதைப் படமெடுத்துக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றியிருந்தார்கள். திரையில் ஒரு சுவரைப் பார்த்தால் பசை காய்ந்த இடம்கூடக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கும். இப்படி உழைத்தவர்கள் உட்கார்ந்திருந்த அரங்கில், தொகுத்து வழங்கியவர் கேம்களைப் பற்றிப் பேசிய விதம் எல்லாரையும் நெளிய வைத்தது. ஜெர்மன் கேம் பத்திரிகைகள் பிறகு கிழித்துத் தொங்கவிட்டன. எனக்குத் தொகுப்பாளர் மீது பெரிய கோபம் இல்லை. தெரியாத துறைக்கு அவரைக் கூட்டிவந்து மேடையேற்றியவர்கள்மீதுதான் கோபம். சினிமா விருது மேடையில் சினிமா பார்க்காத ஒருவரை நிறுத்துவார்களா?

சரி, என்னதான் செய்யலாம்? பதில் ஜெர்மனியிலேயே இருக்கிறது. அங்கே பலகை விளையாட்டுகளுக்கு 1979இலிருந்து ‘ஷ்பீல் டெஸ் யாரெஸ்’ என்ற விருது உண்டு. விமர்சகர்கள் மட்டுமே நடுவர்கள். விளையாட்டைச் செய்பவர், விற்பவர் யாரும் உள்ளே வர முடியாது, அமைச்சகமும் இல்லை. பரிசுப் பணம் ஒரு பைசா கிடையாது. ஆனால் அந்த முத்திரை பெட்டியில் ஏறினால் லட்சக்கணக்கில் விற்கும், ஏனென்றால் மக்கள் நம்புகிறார்கள்.

இரண்டு விருதையும் தொட்ட ஒரு கேம்கூட இருக்கிறது: ‘டோர்ஃப்ரொமான்டிக்’. பெர்லினில் கேம் வடிவமைப்பு படித்த நான்கு மாணவர்கள் செய்தது. அறுகோண ஓடுகளை ஒவ்வொன்றாக வைத்துக் காடு, வயல், ஆறு, ரயில்பாதை, வீடுகள் என்று ஒரு நிலப்பரப்பை வளர்த்துக்கொண்டே போக வேண்டும். சண்டையும் இல்லை, எதிரியும் இல்லை. 2021இல் இந்த அரசு விருதில் சிறந்த அறிமுக கேமாகத் தேர்வானது. அதைப் பலகை விளையாட்டாக மாற்றியபோது 2023இல் ‘ஷ்பீல் டெஸ் யாரெஸ்’ கிடைத்தது. அந்த மாணவர்கள் கையில் பணம் வந்தது அரசு விருதால். விளையாட்டுக் கடைப் பக்கமே போகாத குடும்பங்களின் மேசைக்கு அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது விமர்சகர்கள் விருதால்.

ஆகவே நான் கேட்பது பெரிய புரட்சி எதுவும் இல்லை. அமைச்சகம் பணம் கொடுக்கட்டும், சங்கமும் தன் பங்கைக் கொடுக்கட்டும், ஆனால் நடுவர் அறைக்கு வெளியே நிற்கட்டும். நாடாளுமன்ற உறுப்பினர்கள் நடுவர்களாக உட்கார்ந்த வருடங்கள் உண்டு, அது இனி வேண்டாம். கேமை முழுதாக ஆடி முடித்து எழுதுபவர்கள், கேம் கற்றுக்கொடுப்பவர்கள், போட்டியில் அந்த வருடம் கேம் இல்லாத வடிவமைப்பாளர்கள் போதும். விழாவைப் பாதியாகச் சுருக்கி, மிச்சமாகும் பணத்தை ஜெயித்த ஸ்டூடியோவுக்கே இரண்டாவது வருடமும் கொடுங்கள். அடுத்த கேமின் முன்மாதிரியைக் காட்டினால் மறுபடியும் ஒரு லட்சம் யூரோ என்று அறிவித்தால் முதல் ஆளாகக் கைதட்டுவேன்.