நம் குழாய்த் தண்ணீரும் ஜாக்குன் மக்களும்

ஆகஸ்ட் 9 சிங்கப்பூரர்களான நமக்குத் தேசிய தினம். ஐநாவின் உலகப் பூர்வகுடி மக்கள் தினமும் அன்றுதான். 1982ல் ஜெனீவாவில் பூர்வகுடிகளுக்கான ஐநா பணிக்குழு முதன்முதலாகக் கூடிய நாள் என்பதால் அது. தற்செயல்தான். ஆனால் இந்தப் பேச்சை எடுத்தாலே நம்மவர்களிடமிருந்து இரண்டில் ஒரு பதில் வரும். "நாமே பிழைக்க வந்தவங்க, இது நமக்கு எதுக்கு?" என்பார்கள். இல்லாவிட்டால், கல் தோன்றி மண் தோன்றாக் காலத்துக்குப் போய்விடுவார்கள்.

யார் முதலில் வந்தார் என்று இங்கே யாரும் பந்தயம் வைக்கவில்லை. ஒரு மக்களின் நிலத்தில் அணையோ சுரங்கமோ வருமுன் அவர்களிடம் விவரம் சொல்லி, வற்புறுத்தாமல் சம்மதம் கேட்க வேண்டும் என்கிறது பூர்வகுடிகளின் உரிமைகள் பற்றிய 2007ஆம் ஆண்டின் ஐநா பிரகடனம். ஆதரித்து வாக்களித்த 144 நாடுகளில் சிங்கப்பூரும் உண்டு. எதிர்த்தவை ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, அமெரிக்கா. பூர்வகுடிகளின் நிலத்தில் குடியேறி உருவான நாடுகள், ஏன் என்று விளக்கவே வேண்டாம்! அப்புறம் நான்கும் ஒவ்வொன்றாக மனம் மாறின.

நமக்கு எதுக்கு என்பவர்கள் லிங்கியு அணையைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம். மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில், நமக்குத் தண்ணீர் தரும் ஜோகூர் ஆற்றின் மேற்பகுதியில், சிங்கப்பூரின் செலவில் கட்டி 1995ல் முடித்தது. வறட்சியில் அங்கிருந்து தண்ணீர் திறந்துவிட்டால்தான் கடல்நீர் ஆற்றில் ஏறாது, நாமும் இறைக்க முடியும். அணை மூழ்கடித்த பள்ளத்தாக்கு, மலேசியப் பூர்வகுடிகளான ஜாக்குன் மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி, காட்டுப்பொருள் சேகரித்துப் பிழைத்த இடம். பழமரங்களுக்கும் பயிர்களுக்கும் மட்டும் ஏதோ இழப்பீடு கொடுத்தார்கள். ஜாக்குன் மக்கள் ஜோகூர் மாநில அரசு மீது வழக்குப் போட்டார்கள். மூதாதையர் நிலம், காட்டில் நடமாடும் சுதந்திரம், பிள்ளைகளின் பிழைப்பு எல்லாம் போனதற்கு 26.5 மில்லியன் ரிங்கிட் தரச் சொன்னது உயர்நீதிமன்றம். மேல்முறையீட்டிலும் அது நின்றது.

அந்தத் தீர்ப்பில் நீதிபதி துணைக்கு அழைத்தவற்றில் ஒன்று, ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் நில உரிமையை ஏற்ற 1992ஆம் ஆண்டின் மாபோ தீர்ப்பு. ஐநா பிரகடனம் வெறும் காகிதம், யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஓர் ஊரில் எழுதிவைத்த அங்கீகாரம் கடல் தாண்டி இன்னோர் ஊர் நீதிமன்றத்தில் பேசுகிறது. ஆனால் ஒன்று, பணம் வந்தபோது பள்ளத்தாக்கு தண்ணீருக்குள் இருந்தது. முன்கூட்டியே கேள் என்று பிரகடனம் அழுத்திச் சொல்வது சும்மா இல்லை.

நம் அரசமைப்புச் சட்டத்தின் 152ஆம் பிரிவு மலாய்க்காரர்களை இந்த மண்ணின் பூர்வகுடிகள் என்றே ஏற்கிறது. நல்லது. ஆனால் இங்கே படகே வீடாக வாழ்ந்த ஓராங் செலத்தார் மக்கள் பலர் இன்று ஜோகூர்க் கரையில் இருக்கிறார்கள். அந்தப் பெயரில் நமக்கு ஒரு விமான நிலையம் இருக்கிறது.

பள்ளியில் பிள்ளைகளுக்கு நான்கு தேசியக் குழாய்கள் என்று சொல்லித் தருகிறோம். உள்ளூர் நீர்த்தேக்கம், இறக்குமதி நீர், புதுநீர் (சுத்திகரித்த கழிவுநீர்), உப்பு நீக்கிய கடல்நீர். அந்த இரண்டாவது குழாய்க்குப் பக்கத்தில் ஜாக்குன் மக்களைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தால் என்ன?