ஒரு கோப்பைக்கு இவ்வளவு கூத்தா?

கடைக்கெண்டு செய்த எஸ்பிரசோ கோப்பி மெஷினை வீட்டுக் குசினிக்குள்ள வைக்கிறது யானையைக் கட்டித் தீனி போடுற வேலைதான். 3,000 வாட்டுக்கு மேல இழுக்கிறதுக்கு 13 அம்பியர் பிளக் தாங்காது. தனி வயர், தனி பிரேக்கர் வேணும். பொயிலர் நல்லாச் சூடாக அரை மணித்தியாலம். நடுவில கரண்ட் போச்செண்டா, திரும்பவும் காத்திருக்கவேண்டியதுதான்.

அதைக்கூடப் பொறுக்கலாம். தண்ணிதான் பெரிய வில்லங்கம். மட்டக்களப்பில கல்லடிப் பக்கம் கடலோரக் கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு இருந்தா ஹீட்டர்ல கல்லாப் படியும். சூடு தண்ணிக்குப் போகாம ஹீட்டரே எரிஞ்சுபோகும். உப்பு இருந்தா உலோகத்தை அரிக்கும். சுண்ணாம்பு பிடிக்கிற ஃபில்டர் உப்பைப் பிடிக்காது. சரி, உப்பு, சுண்ணாம்பு எல்லாத்தையும் வடிச்ச ஆர்ஓ தண்ணி மட்டும் ஊத்துவமெண்டா, அதில கரண்ட் சரியா ஓடாது; பொயிலருக்குள்ள மட்டம் பார்க்கிற புரோப்புக்கு, அந்தக் கம்பிக்கு, தண்ணி இருக்கிறதே தெரியாது! பம்ப் நிக்காம பொயிலரை நிரப்பிக்கொண்டே இருக்கும்.

இதுக்குள்ள குரூப் ஹெட், அதுதான் கோப்பித்தூள் கைப்பிடியை மாட்டுற இடம், அதில இருக்கிற ரப்பர் வொஷர் வேற இறுகி, ஓரத்தால ஒழுகும்.