அலூஃப் ஆசாமி சண்டைக்கு வரமாட்டார்
உங்கள் கட்டுரையில் ‘அலூஃப்’ (aloof) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘விரோதமான’ என்று பொருள் போட்டிருக்கிறீர்கள். அது ‘ஹாஸ்டைல்’ என்பதற்குத்தான் சரி. அலூஃப் ஆசாமி சண்டைக்கு வரமாட்டார், ஒட்டமாட்டார், அவ்வளவுதான்.

மன்னார்குடியில் எங்கள் தெருவில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் இருந்தார். கல்யாணத்துக்கு வருவார், மொய் எழுதுவார், பந்தியில் கடைசி இலையில் சாப்பிட்டுவிட்டு நேரே செருப்பைத் தேடுவார். “என்ன சார், அதுக்குள்ளயா?” என்றால் ஒரு தலையாட்டல். ‘பட்டும் படாமலும் இருக்கிற மனுஷன்’ என்பார் அம்மா. அதைவிட நல்ல மொழிபெயர்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

‘அலூஃப்’ என்ற சொல்லே கப்பலிலிருந்து வந்தது. ‘லஃப்’ என்றால் காற்று வரும் பக்கம். காற்று கரைமேல் தள்ளிவிடாதபடி, கப்பலின் முகப்பைக் காற்றுப் பக்கம் திருப்பி விலகியே ஓட்டு என்பது மாலுமிக் கட்டளை. நாகப்பட்டினத்தில் பாய் விரித்துப் போன பெரியவர்களிடம் சொன்னால் சட்டென்று புரியும்.

அப்புறம், எதிலிருந்து விலகல் என்று சொல்ல ‘ஃப்ரம்’ சேர்க்க வேண்டும். ‘ஹி கெப்ட் அலூஃப் ஃப்ரம் பாலிடிக்ஸ்’ என்றால் அரசியல் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை என்று அர்த்தம். அதில் திட்டே இல்லை, சில சமயம் பாராட்டுகூட.