பெற்றோரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை

குழந்தைகளின் உடற்பருமனுக்குப் பெற்றோரின் அலட்சியமே காரணம் என்று அண்மையில் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சென்னையின் நடுப்பகுதியிலிருந்து தொலைவிலுள்ள பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் மறுகுடியமர்த்தப்பட்ட தாய்மார்கள் பலர், பழைய இடத்து வீட்டுவேலையை விட முடியாமல் அதிகாலையிலேயே பேருந்து ஏறுகிறார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குப் பெட்டிக்கடையில் கிடைப்பதோ ஐந்து ரூபாய் சிப்ஸும், மறுபடி மறுபடி காய்ச்சிய எண்ணெயில் பொரித்த பஜ்ஜியும்தான். பள்ளியிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்னும் 2020ஆம் ஆண்டு விதி, குடியிருப்பு வாசல் வரை எட்டுவதில்லை. இத்தகைய தீனியால் உடல் பருப்பதோடு இரத்தத்திலும் கொழுப்பு மிகலாம். அது பெரும்பாலும் வெளியே தெரியாது, ஒல்லியான பிள்ளைக்கும் இருக்கலாம். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தோடு, அரசுப் பள்ளிகளிலேயே இரத்தப் பரிசோதனைக்கும் மாலையில் விளையாட மைதானத்துக்கும் வழி செய்ய வேண்டும்.