ஒரே ஊசியில் கட்டி பட்டினியால் செத்துவிடுமா?

“ஒரே ஒரு மரபணு ஊசி போதும், கட்டிக்கு ரத்தம் நின்று புற்றுநோய் பட்டினியால் செத்துவிடும், கீமோவே வேண்டாம்” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தயவுசெய்து இதை நம்பி யாரும் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள்.

அடிப்படை யோசனை பொய்யில்லை. புது ரத்தக் குழாய்கள் முளைக்காவிட்டால் கட்டி ஓரிரு மில்லிமீட்டரைத் தாண்டாது என்று 1971-லேயே அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மேன் சொன்னார். கடுகளவுதான். அதற்கு மேல் வளர, கட்டி வி.ஈ.ஜி.எஃப் என்ற புரதத்தைச் சுரந்து, பக்கத்துக் குழாய்களைத் தன்னை நோக்கிக் கிளைவிட வைக்கிறது.

சரி, அதைத் தடுத்தால்? 1990-களில், குழாய் முளைப்பதைத் தடுக்கும் எண்டோஸ்டாட்டின் என்ற புரதம் கொடுத்த எலிகளுக்குக் கட்டி சுருங்கியது. மனிதர்களிடம் அப்படி நடக்கவில்லை. வி.ஈ.ஜி.எஃப்-ஐத் தடுக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்து 2004-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவும் பெருங்குடல் புற்றுக்கு, கீமோவோடு சேர்த்துத்தான். அது மரபணு சிகிச்சையும் அல்ல, வி.ஈ.ஜி.எஃப்-ஐப் பிடித்து முடக்கும் எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி). ஒரு வழியை அடைத்தால் கட்டி வேறு சமிக்ஞையைப் பிடித்துக்கொள்கிறது.

அதனால்தான் குழாய் வளர்ச்சியையும் செல்லின் உயிர்பிழைப்பையும் சேர்த்துத் தாக்கும் மரபணுக்களை ஆய்வாளர்கள் சோதிக்கிறார்கள். ஆனால் மரபணுவைக் கட்டிக்குள் சுமந்து செல்லும் வைரஸ் கட்டியின் எல்லாச் செல்களையும் எட்டுவதில்லை. தப்பியவை மறுபடி வளரும். கீமோவைத் தூக்கிப்போடச் சொல்லும் கட்டத்தில் இந்த ஆய்வு இல்லை.